பலகையில் நிற்கும் பெண்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதினால் பொய். கோபமாக இருக்கிறேன். ஆனால் கோபம் வந்த நாளிலிருந்து நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூக்கமும் வருகிறது. ஆகவே நலம் என்றே வைத்துக்கொள்.

உன் கடிதம் பார்லர் முகவரிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது. இனியும் அப்படியே எழுது. போனில் மட்டும் எதையும் அனுப்பாதே. என் போனை என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, தன் போன் மாதிரி எடுத்து நோண்டுவார். காகிதம் என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. மருந்துச் சீட்டைக்கூட என்னிடம் நீட்டிப் படிக்கச் சொல்கிற ஆள்.

சவரம் செய்து, கிரீம் பூசி, உடை மாற்றிக் கண்ணாடியில் பார்த்தால் கோமாளி மாதிரி இருக்கிறது, இதெல்லாம் எனக்கு ஒத்துவராது போல என்று எழுதியிருந்தாய். படித்ததும் உன்னை நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. உன் மாமாவும் இதைத்தானே சொன்னார்? அவருடைய ஜிம்மின் பின்னறையில், மத்தியானம், யாரும் இல்லை என்று நம்பி நீ ஒரு சுடிதாரைப் போட்டுப் பார்த்தாய். அவர் கதவிடுக்கில் நின்று படம் எடுத்து, "நம்ம புது லேடி டிரெய்னர்" என்று எழுதி, ஜிம் ஆட்கள் எல்லாரும் இருக்கிற குரூப்பில் போட்டார். நீ யார் யாருக்கெல்லாம் எடை தூக்கச் சொல்லித் தந்தாயோ அவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ ஊரை விட்டே போனாய். அவர் அன்றைக்கு ராத்திரி வழக்கத்தைவிட ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். அந்தக் கரண்டியை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், வருத்தப்படாதே. அந்தப் படத்தில் நீ சகிக்கவில்லை. தோளில் தையல் பிய்கிறது, துப்பட்டா கயிறு மாதிரி தொங்குகிறது, உதட்டுச் சாயம் பல்லில். அக்கா மாடியில் பார்லர் வைத்திருக்கிறேன், நீ கீழே இப்படி நின்றிருக்கிறாய்! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? போகட்டும். இப்போது கேட்டிருக்கிறாய், அது போதும். உன்னைப் பார்த்து எவனும் சிரிக்க முடியாதபடி செய்யப்போகிறேன். நீ உன் ஆசைக்குச் செய். நான் என் வயிற்றெரிச்சலுக்குச் செய்கிறேன். வேலை ஒன்றுதான்.

முதலில் தாடி. காய்ந்த முகத்தில் கத்தி வைப்பதை இன்றோடு நிறுத்து. வெந்நீரில் குளித்துவிட்டு, முடி ஊறிய பிறகு, புது பிளேடில், முடி வளரும் திசையிலேயே இழு. இன்னும் வழுவழுப்பு வேண்டுமென்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே இழு. எதிர்த்து இழுத்தால் கொப்புளம்தான். சவரத்துக்குப் பிறகும் நீலமாக ஒரு நிழல் தெரிகிறதல்லவா, அதன் மேல் வெள்ளை வெள்ளையாக அப்பாதே, சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். ஆரஞ்சு கலந்த சாயத்தை மெல்லியதாக ஒற்றி எடு, அதன் மேல் உன் நிறத்துக்குச் சரியான பூச்சு, அதன் மேல் பவுடர். தேய்க்காதே, ஒற்று. நீலத்தை மறைக்கிற இந்த வித்தை எனக்கு எப்படி இவ்வளவு கைவந்தது என்று கேட்காதே.

கால் முடி எடுக்கிற கிரீமை முகத்தில் போட்டு வைக்காதே, தோல் வெந்துபோகும். காலுக்கே போட்டாலும் முந்தின நாள் கையில் ஓர் ஓரத்தில் தடவிப் பார். புருவத்தை நூல் மாதிரி ஆக்கிக்கொள்ளாதே. அடியில் சிதறிக்கிடக்கிற முடியை மட்டும் எடு. மறுநாள் காலையில் நீ வேலைக்குப் போக வேண்டியவன், ஞாபகம் இருக்கட்டும்.

வெள்ளரிக்காயும் கறுப்புத் தேநீருமாக இருக்கிறேன், தோள் குறையட்டும் என்று எழுதியிருந்தாய். ஊருக்கெல்லாம் சாப்பாடு சொல்லித் தந்த டிரெய்னர் எழுதுகிற எழுத்தா இது? பட்டினி கிடந்தால் முதலில் ஒட்டுவது கன்னம். கன்னம் ஒட்டினால் தாடை துருத்தும். முட்டை, பருப்பு, காய், பழம், வேளைக்கு அளவாகச் சோறு, நிறையத் தண்ணீர். அலங்காரம் செய்துகொள்ளப் போகிற நாளுக்கு முந்தின நாள் மட்டும் உப்பைக் குறை, முகம் ஊதாமல் இருக்கும். அந்தத் தோளை ஏற்றிவிட்டதே உன் மாமாதான். இனி தோளுக்குக் கனமாக எதையும் தூக்காதே. தொடைக்கும் இடுப்புக்கும் செய். உட்கார்ந்து எழு, படுத்து இடுப்பைத் தூக்கு, தினமும் நட. எலும்பை யாராலும் குறைக்க முடியாது, அதைத் துணி பார்த்துக்கொள்ளும். கழுத்து கொஞ்சம் இறங்கி, கீழே விரிகிற மாதிரி தைத்துப் போட்டால் பார்க்கிறவன் கண் தோளில் நிற்காது.

குதிகால் செருப்பு வாங்கினால் குட்டையாக, அகலமாக வாங்கு. இடுப்பை ஆட்டி நடக்காதே. எந்தப் பெண்ணும் அப்படி நடப்பதில்லை. உன் மாமா கேலி செய்யும்போதுதான் அப்படி நடந்து காட்டுவார்.

சாப்பிடு. இது புத்திமதி இல்லை, உத்தரவு.

உன்னை நினைத்து உருகிக்கொண்டும், அவரை நினைத்துக் கறுவிக்கொண்டும் இருக்கும்,
அக்கா


அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். சாப்பிடுகிறேன். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகப் படி.

இங்கே ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை, கால் ஒடிந்தவர்களைக் கைப்பிடித்து நடக்க வைப்பது. சாயங்காலம் அறைக்கு வந்தால் நானே குதிகால் செருப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். நோயாளிகளைப் பகலில் விரட்டியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒருநாள் அவசரத்தில் எதிர்த்துச் சவரம் செய்து கழுத்தெல்லாம் கொப்புளம். வார்டு நர்ஸ் அக்கா என்ன இது என்று கேட்டார், வெயில் என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. மற்றபடி நீ சொன்னது எல்லாம் பலித்தது. போன வாரம் முழு அலங்காரத்தோடு தெருவில் இறங்கினேன். பஸ் நிறுத்தத்தில் மூட்டையோடு வந்த ஒருவர், அம்மா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க என்றார். என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நான் ஓரமாக நின்றேன். அக்கா, யாராவது அழகு என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

இப்போது நீ இடையில் எழுதிய இன்னொரு கடிதத்தில் கேட்டதற்கு வருகிறேன். மாமா உன் பார்லருக்கு எதிரே பெண்களுக்காகப் புது ஜிம் திறக்கிறார், வாசல் பலகைக்கு ஒரு பெண்ணின் படம் தேடுகிறார், உன் கஸ்டமர்களில் யாராவது இருந்தால் கேள் என்று உன்னையே நச்சரிக்கிறார், பெண் உடையில் என் படத்தைக் கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். படித்ததும் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். இரண்டு நாள் எடுக்கவே இல்லை. பிறகு ஒன்று தோன்றியது. அந்தச் சுடிதார் படத்தை அவர் என்னைக் கேட்காமல் போட்டார். இதற்கு நீ என்னைக் கேட்கிறாய். அதற்காகவே கொடுக்கிறேன்.

டைமர் வைத்து எடுத்தேன். முதுகும் பக்கவாட்டும் தெரிகிற மாதிரி, முகம் தாழ்ந்து, கையில் சின்ன எடை. பென்டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னைப் போல் எனக்குக் கறுவத் தெரியாது. ஆனால் உறையை இன்றைக்கே ஒட்டித் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

உன் தம்பி


அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

பலகை ஏறிவிட்டது. வாசலைவிடப் பெரிதாக இருக்கிறாய். ஏணியில் இரண்டு பேர் ஏறி நிற்க, உன் மாமா நடுத்தெருவில் நின்றுகொண்டு, இடது பக்கம் தூக்கு, அந்தப் பொண்ணு கை மடங்குது பாரு, ஜாக்கிரதை என்று கத்தினார். லாரிக்காரன் ஹார்ன் அடித்தும் நகரவில்லை. உன் கை மடங்கக் கூடாதாம்! அப்புறம் உனக்குக் கீழே நின்று படம் எடுத்து, அதே குரூப்பில் போட்டார். அன்றைக்குச் சிரித்த அதே ஆட்கள் இன்றைக்குக் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள். அவர் அவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பலகையைக் காட்டி, பாருங்கடா, முதுகு எப்படி நிமிர்ந்து நிக்குது, யார்கிட்ட கத்துக்கிட்டதோ, நல்ல மாஸ்டர்டா அவன் என்றார். நான் மாடி ஜன்னலில் நின்று கேட்டேன். வாடிக்கைக்காரி ஒருத்தியின் புருவம் அன்று கோணலாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்து, அந்தப் பொண்ணைப் பார்த்தாவது உடம்பைக் கவனிக்கக் கூடாதா என்றார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இதுவரை நடந்தது என் வேலை. இனிமேல் நடப்பது அவர் வாயாலேயே வந்தது. திறப்பு விழாவுக்கு அந்தப் பெண்ணையே கூப்பிட வேண்டுமாம். ரிப்பனை அவள்தான் வெட்ட வேண்டுமாம். கூச்சமுள்ள பெண், வெளியூர் என்றேன். கெஞ்சியாவது கூட்டி வா, நானே வாசலில் நின்று பூங்கொத்துக் கொடுக்கிறேன், மைக்கில் இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்கிறார். ஆகவே, மரியாதைக்குரிய மேடம், உங்களை உங்கள் மாமா அன்போடு அழைக்கிறார்.

வருவதாக இருந்தால் விடியக்காலை வந்து பார்லரின் பின்படி வழியாக ஏறி வா. கருநீலத்தில் முழுக்கை உடை தைத்து வைத்திருக்கிறேன். முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுந்து மானத்தை வாங்காதே. கை ஓங்குவாரோ என்று பயப்படுகிறாயா? அத்தனை பெண்கள் முன்னால் ஓங்க மாட்டார், அவருக்குக் கடை முக்கியம். மீறி ஓங்கினால் முன்னால் நான் நிற்பேன்.

வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று சொல்லி முடித்துவிடுகிறேன். உன் பேச்சே என் வாயில் வராது. கேட்காமல் ஆளைக் காட்டிக்கொடுக்கிற புத்தி இந்த வீட்டில் ஒருவருக்கு இருந்தால் போதும்.

கடைசியாக, பென்டிரைவோடு வைத்த சீட்டில் குரலைப் பற்றிக் கேட்டிருந்தாய், அதை எப்படிப் பெண் குரலாக்குவது என்று. அதற்கும் பயிற்சி இருக்கிறது. நெஞ்சிலிருந்து பேசாமல் வாய்க்குள்ளிருந்து மெதுவாகப் பேசிப் பழக வேண்டும், தினமும் சத்தமாக ஏதாவது வாசிக்க வேண்டும். அதையெல்லாம் பிறகு செய். அன்றைக்கு மட்டும் வேண்டாம். மைக்கைக் கையில் வாங்கு. அவர் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும். உன் சொந்தக் குரலில், அந்த ஜிம்மில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாயே அந்தக் குரலில், மாமா என்று கூப்பிடு. அந்த ஒரு வார்த்தையை நான் கேட்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் பசித்துச் சாப்பிட்டேன்.

மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வரவுக்காகப் படியையே பார்த்திருக்கும்,
அக்கா


அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறேன்.

கண்ணாடி முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. அடுத்த தடவை வரவில்லை. நன்றாகவே வருகிறது, பயப்படாதே.

மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதிலிருந்து நீ இதைச் சொல்லி, நானும் சரி என்று போய் விளையாடி வளர்ந்தவன். இந்தத் தடவை அந்த மற்றது என்ன என்று யோசித்தேன். நான் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன். கூட்டம் கலைந்துவிடும். நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதன் பிறகு நீ அவரோடு ஒரே வீட்டுக்குள் போக வேண்டும். அவர் கதவைச் சாத்துவார். அங்கே அவருக்குக் கடையும் இல்லை, பார்க்கிற பெண்களும் இல்லை. நீலத்தை மறைக்கிற வித்தை உனக்கு எப்படிக் கைவந்தது என்று நான் கேட்கவில்லை.

அதனால் பஸ்ஸில் இரண்டு இடம் சொல்லிவைத்திருக்கிறேன். என் அறை சின்னதுதான். ஜன்னல் பக்கமாக இன்னொரு கட்டில் போட்டாயிற்று. வீட்டுக்காரரிடம் அக்கா வருகிறாள், இங்கேதான் இருப்பாள் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தெருவில் ஒரு பார்லர்கூட இல்லை. வார்டு அக்கா இப்போதே உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் கத்தரியையும் சீப்பையும் நாலு துணியையும் ஒரு பையில் வைத்து, பார்லரிலேயே வைத்திரு. வீட்டிலிருந்து வேறு எதையும் எடுக்கப் போகாதே. நான் மைக்கை வாங்கும்போது நீ எனக்கு முன்னால் வந்து நிற்க வேண்டாம், அக்கா. என் பக்கத்தில் நில். கையில் அந்தப் பை இருக்கட்டும். அதைப் பார்த்தால்தான் நான் வாயைத் திறப்பேன்.

உன் தம்பி