கலா வரிசையை விட்டு வரவில்லை

மே 10, சனி

காலையிலேயே வெயில். குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர். வேலை: புளிக்காய்ச்சல், உருளைக்கிழங்கு வறுவல், யாழினிக்கு மாற்றுத்துணி, துண்டு நான்கு.

நாளை வாட்டர் பார்க். யாழினிக்கு ஸ்கூல் லீவு முடிவதற்குள் கூட்டிப்போவதாக அவர் சொல்லிச் சொல்லி, ஒருவழியாக நாளை.

கலாவையும் வரச் சொன்னேன். அவருடைய தங்கை. விவாகரத்து முடிந்து, கொள்ளேகாலிலிருந்து மாசி மாதம் மைசூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில். "உங்க இஷ்டங்கண்ணி." இதற்கும் அதேதான். பிறகு, "நான் பையப் பாத்துக்கறேன், நீங்கெல்லாம் குளிங்க."

சொந்த அண்ணன் வீட்டில் விருந்தாளி போல இருக்கிறாள். என்ன செய்வதென்று தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கிளம்பவே தாமதம். அவர் பெட்ரோல் போட மறந்து, ரிங் ரோடில் நெரிசல் வேறு. போய்ச் சேர்ந்தால் கேட் மூடியிருக்கிறது. வெளியே திருவிழாக் கூட்டம்.

"ஒளகடெ ஜாக இல்ல மேடம். ஃபுல்," என்றார் செக்யூரிட்டி. உள்ளே இடமே இல்லையாம்; இருப்பவர்கள் வெளியே வந்தால்தான் அடுத்தவர்களை விடுவார்களாம். எப்போது வருவார்கள்? செக்யூரிட்டி கையை விரித்தார்.

வரிசையில் நின்றோம். தகரக் கூரை பாதி வரிசைக்குத்தான். நாங்கள் வெயில் பாதி. முன்னால் சத்தியமங்கலத்துக் குடும்பம், வேன் பிடித்து வந்தவர்கள். அந்தம்மா சொன்னது: "இவ்வளவு தூரம் வந்துட்டு நனையாமப் போனா ஊர்ல சிரிப்பாங்க." சுவருக்கு அப்பால் தண்ணீர் சத்தம், கூச்சல். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் கொடுமை.

"இன்னும் எஷ்டு ஹொத்தும்மா?" எவ்வளவு நேரம் என்று யாழினி கேட்டபடியே இருந்தாள். பாதித் தமிழ், பாதிக் கன்னடம், முழு அழுகை.

வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று போர்டு. நின்றபடியே புளிசாதம் சாப்பிட்டோம். சத்தியமங்கலத்தாருக்கும் கொடுத்தேன். வறுவல் போதவில்லை.

அவருக்குப் பொறுமை போயிற்று. "வாங்க போலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்துல சாமி கும்பிட்டு, காவேரில காலு நனச்சுட்டு வந்தர்லாம்." எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பையைத் தூக்கிவிட்டேன்.

கலா நகரவில்லை.

"நீங்க போயிட்டு வாங்கண்ணா. நான் இங்கயே நிக்கறேன்."

அவர் விளையாட்டு என்று நினைத்தார். "தனியாவா?"

"ஆமாங்கண்ணா. எனக்கு உள்ள போகணும்."

மெதுவாகத்தான் சொன்னாள். கண் கேட்டின் மேல். எனக்கு என்று அவள் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் பையைக் கீழே வைத்தேன்.

அவர் விறுவிறுவென்று எங்கோ போனார். கோபம் என்று நினைத்தேன். காரம் தூவிய வெள்ளரிக்காயோடு வந்தார். முதல் துண்டு கலாவுக்கு.

மதியத்துக்கு மேல் சாமுண்டி மலைப் பக்கம் கருத்தது. நாலு தூறல். அவ்வளவுதான், ஈரத்தலையோடு குடும்பம் குடும்பமாக வெளியே வர ஆரம்பித்தார்கள். மழைக்குப் பயந்து வரிசையிலிருந்தும் பலர் கழன்றார்கள். கேட் திறந்தது. சத்தியமங்கலத்தாருக்குப் பின்னாலேயே நாங்கள்.

உள்ளே நைலான் உடுப்பு வாடகைக்கு. கலா ஊதா நிறம் கேட்டு வாங்கினாள். பையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. லாக்கரில் வைத்தோம்.

அலைக் குளம். சங்கு ஊதியதும் அலை வந்தது. கலா என் மேல் விழுந்தாள், நான் யாழினி மேல். மூக்கில் தண்ணீர். கலா சிரித்தாள். அவள் சிரிப்பு அவ்வளவு சத்தம் என்று இன்றுதான் தெரியும். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. அடுத்த சங்கு ஊதுவதற்குள் ஆழப் பக்கம் போய்விட்டாள், யாழினியை இழுத்துக்கொண்டு.

தூறல் மேலே, அலை கீழே. அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "கல்யாணத்துக்கு முன்ன இவ இப்படித்தான் கத்துவா சுமதி. எனக்கு மறந்தே போச்சு." முகம் முழுக்கத் தண்ணீர். எந்தத் தண்ணீரோ, நான் கேட்கவில்லை.

மூடும் விசில் வரை இருந்தோம்.

மே 12, திங்கள்

மேகமூட்டம். துணி காயவில்லை. யாழினிக்கு மூக்கு நுனி உரிகிறது, தேங்காய் எண்ணெய் தடவினேன். அவர் முதுகுவலி என்று லீவு.

மத்தியானம் சாப்பாட்டில் கலா தட்டைப் பார்த்தபடி: "அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க சாம்பார்ல வெல்லம் ஜாஸ்தி."

அவருக்குப் புரையேறியது. இத்தனை வருடம் வாய் திறக்காத மனிதர், "ஆமா, நானும் சொல்லணும்னு இருந்தேன்" என்கிறார்.

மைசூரில் எல்லாரும் இப்படித்தான் வைக்கிறார்கள் என்றேன். "நம்ம வீட்ல வேண்டாங்கண்ணி," என்றாள்.

நாளை வெல்லம் போடாமல் வைத்துப் பார்க்க வேண்டும்.