ஆற்றுக்குள்ளிருந்து ஒரு ரோட்ஸ்டர்

நெப்ராஸ்கா
1984 அக்டோபர், முதல் வாரம்

அன்புச் செல்வம் மார்லாவுக்கு,

பெற்றவன் என் அண்ணன் என்றாலும் ஏழு வயதிலிருந்து உன்னைத் தோளில் போட்டு வளர்த்த சித்தப்பா ஆல்வின் எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி டெலோரஸும் சுகம், சுகத்துக்கு மேலே இன்னொரு பங்கும் உண்டு, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஜப்பானில் உன் உடம்பு எப்படி, நம் கடற்படைக் கப்பல் பட்டறையில் வேளைக்குச் சாப்பிட விடுகிறார்களா, வெல்டிங் செய்யும்போது கண்ணாடியை மூஞ்சிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் அந்தப் பழக்கத்தை விட்டாயா இல்லையா, உடனே எழுது. ஆகஸ்டில் ஆலங்கட்டி மழை வந்து தக்காளிச் செடி மொத்தமும் போச்சு, ரேடியோவில் கோழிமுட்டை அளவு என்றான், அவன் ஊரில் அப்படி இருக்கலாம், நம் வீட்டு முற்றத்தில் விழுந்தது வாத்துமுட்டை. சித்தி சர்ச் பாட்டுக் குழுவில் முன்வரிசைக்கு வந்துவிட்டாள். எனக்கு முழங்கால் வலி, ஆனால் டாக்டரே என் முழங்காலைப் பார்த்து இந்த வயதில் இப்படி ஒரு எலும்பை நான் பார்த்ததில்லை என்று அசந்துபோனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ரோட்ஸ்டர் கிளப்பில் நான் பதினான்கு வருஷமாக இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும், அந்த நீலக் கோட்டு, முதுகில் மஞ்சள் நூலில் கிளப் பெயர் தைத்தது, அதைப் போடாமல் நான் தபாலாபீசுக்குக்கூடப் போனதில்லை. கிளப்பில் எல்லாரிடமும் ரோட்ஸ்டர் இருக்கிறது, கூரையில்லாத இரண்டு சீட்டுப் பழைய வண்டி, வேகத்துக்காக இழைத்து இழைத்து வைத்தது, என்னிடம் மட்டும் இல்லை. கார் நிறுத்துவதும் சூப்பு ஊற்றுவதும் நான்தான், உன் வண்டி எங்கே என்று யாரும் ஒரு சொல் கேட்டதில்லை. இந்த வருஷம் ராய்ஸ் தலைவரானான். சிமெண்டுக் கடை ராய்ஸ்தான், எதற்கெடுத்தாலும் விதி பேசுவானே, அவன். மே மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, “செப்டம்பர் கடைசி சனிக்கிழமை சந்தை மைதானத்துல நம்ம வருஷக் கூட்டம். அன்னைக்கு ஒவ்வொருத்தனும் தன் ரோட்ஸ்டர்ல உக்காந்து வாசல் வழியா உள்ள வரணும். வண்டி சொந்தச் சக்கரத்துல வரணும், யாரும் தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது. பாடி அசல் இரும்பா இருக்கணும். வராதவன் கோட்டைக் கழட்டிக் கொடுத்துடணும்” என்றான். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்குத்தான் அது என்று எல்லாருக்கும் தெரியும். நான் எழுந்து, “ராய்ஸு, என் வண்டி வரும்போது உன் வண்டிய எங்க மறைச்சு வைக்கிறதுன்னு இப்பவே இடம் பாத்துக்க” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அவன் கிண்ணத்தில் ஒரு கரண்டி சூப்பு கூடவே ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் சொன்னேன். அவள், படகை விற்ற பணம் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு டாலர் கேட்டால் நீ படகில் தூங்கப் போகலாம், படகும் இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள் என்றாள். அந்தப் பணத்துக்கு இந்தக் காலத்தில் ஒரு நல்ல ரோட்ஸ்டரின் கதவுதான் கிடைக்கும், ஒரு கதவு. ஆனால் உன் சித்தப்பா சும்மா இருப்பவனா, மூன்று மாதம் மூன்று மாநிலம் சுற்றினேன். சித்தியின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மக்காச்சோளப் பொம்மைக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன், எந்த வண்டியைக் காட்டினாலும் முதலில் காந்தத்தை வைப்பேன், ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஃபைபர், இல்லையென்றால் பள்ளத்தை மூடிப் பூசிய பட்டி. அயோவாவில் ஒருவன் அசல் இரும்பு என்று சத்தியம் செய்தான், காந்தம் வைத்த இடமெல்லாம் கீழே விழுந்தது, கடைசியில் நம்பர் பிளேட்டில் ஒட்டியது. கான்சாஸில் ஒருவன் கூரையுள்ள காரின் கூரையை ரம்பத்தால் அறுத்துவிட்டு ரோட்ஸ்டர் என்று விற்கிறான். கதவைத் திறந்து மேல்விளிம்பில் விரலை விட்டேன், கண்ணாடி ஏறி இறங்கும் சந்து இருக்கிறது. “ஐயா, ரோட்ஸ்டர் கதவுல ஏதுய்யா கண்ணாடி, இது தொப்பியைத் தொலைச்ச தபால்காரன் மாதிரி இருக்கு” என்றேன், அங்கே நின்ற இருநூறு பேரும் கை தட்டினார்கள்.

செப்டம்பர் பிறந்துவிட்டது, வண்டி இல்லை. ராத்திரி கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன், சித்தி விளக்கை அணைத்துவிட்டுப் படு என்பாள். சரி மீனாவது பிடிப்போம் என்று ஒரு நாள் ஆற்றுக்குப் போனேன், இர்மா ஜெப்சன் நிலத்தின் ஓரம். இர்மாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு இந்தப் பக்கம் வந்தவள், புருஷன் இல்லை, அறுபத்தைந்து வயதில் தனியாக மக்காச்சோளம் போடுகிறாள், அவள் டிராக்டருக்குக்கூட அவளிடம் பயம். ஆறு நிலத்தைத் தின்னாமலிருக்க இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் செத்த கார்களைக் கரையில் வரிசையாகச் சாய்த்துப் புதைத்து வைத்திருக்கிறார்களே, அவள் கரையிலும் ஏழு கார். தூண்டிலைப் போட்டுவிட்டுச் சும்மா பார்க்கிறேன், நடுவில் ஒன்று கழுத்துவரை மண்ணில். கதவு வளைவைப் பார்த்ததும் தூண்டிலைக் கைவிட்டேன். தவழ்ந்து போய்க் கதவின் மேல்விளிம்பில் விரல் விட்டேன். சந்து இல்லை மார்லா! சந்து இல்லை! காந்தத்தை வைத்தேன், படக்கென்று ஒட்டியது. சேற்றோடு அதை முத்தமிட்டேன். பின்பக்கப் பெட்டிக்குள்ளே நாற்பது பவுண்டு கெளுத்தி ஒன்று குடியிருந்தது, என்னைப் பார்த்து வீட்டைக் காலி செய்கிறேன் என்பதுபோல மீசையை ஆட்டிவிட்டுப் போயிற்று, நம்பினால் நம்பு.

இர்மாவிடம் ஓடினேன். படகுப் பணம் மொத்தத்தையும் நீட்டினேன். அவள் பார்க்கவே இல்லை. “ஏம்பா, பணத்தைக் கரையில அடுக்கினா ஆறு நிக்குமா? அந்த வண்டிதான் என் சோளத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதை எடுத்தா வசந்த காலத்துல ஆறு என் சமையலறையில வந்து காப்பி கேக்கும். ஒண்ணு வெளிய போனா ஒண்ணு உள்ள வரணும். அவ்வளவுதான் விலை” என்றாள். செத்த கார்தானே, அடுத்த சனிக்கிழமை கொண்டுவருகிறேன், இரண்டு பழைய துணி துவைக்கும் மெஷினும் சேர்த்துத் தருகிறேன் என்றேன். “நான் கரை கேட்டேன், சலவைக்கடை கேக்கல” என்றாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் வந்த ஞாயிறு, சர்ச் முடிந்து வரும் வழியில் சித்தியை அங்கே அழைத்துப்போனேன், சும்மா காட்டத்தான். ஆனால் கண்ணால் பார்த்த பிறகு கை சும்மா இருக்கிறதா, கொஞ்சம் அசைத்து மட்டும் வைப்போம் என்று நம் பழுப்பு செடான் காரின் பின்னால் சங்கிலி போட்டு ரோட்ஸ்டரின் சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தில் மாட்டினேன். சித்தியை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, “மெதுவா மிதி, கண்ணே” என்றேன். ஒன்றை மறந்துவிட்டேன். கரையில் கார் வைப்பவர்கள் ஒவ்வொன்றாகவா வைப்பார்கள், எல்லாவற்றின் உடம்பு வழியாகவும் ஒரே இரும்பு வடத்தை நுழைத்து இரண்டு முனையையும் மரத்தில் கட்டியிருப்பார்கள். சித்தி இழுத்தது ஒரு காரை இல்லை, ஏழு காரையும் இரண்டு மரத்தையும். ரோட்ஸ்டர் ஒரு விரல்கூட அசையவில்லை. நம் செடானின் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டே போயிற்று, கரை விளிம்பு உதிர்ந்தது, வண்டி அவசரமே இல்லாமல், பெரிய மனுஷர் நாற்காலியில் உட்காருவதுபோல, பின்பக்கமாக ஆற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. சித்தி முன்கதவைத் திறந்து கைப்பையோடு இறங்கினாள், செருப்பு நனையவில்லை. “மெதுவாத்தான் மிதிச்சேன்” என்றாள்.

சத்தம் கேட்டு இர்மா டிராக்டரில் வந்தாள். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. “சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலையாக்கும்” என்றாள். பிறகு, “என் டிராக்டர் இன்னைக்கு ஒண்ணைத்தான் இழுக்கும். உன் செடானை இழுத்துக் கொடுக்கவா, இல்ல ரோட்ஸ்டரையா? செடானை எடுத்தா கரையை நீ ஒடச்ச ஒடசலுக்கு ரோட்ஸ்டர் அங்கேயேதான் இருக்கணும், இனிமே கேக்கக் கூடாது” என்றாள். மார்லா, நமக்கு இருப்பது அந்த ஒரு கார். ரோட்ஸ்டரில் சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, தரை இல்லை, சீட்டு இல்லை, இருந்த கெளுத்தியும் காலி செய்துவிட்டுப் போயாயிற்று. சித்தியைப் பார்த்தேன். அவள் என் கோட்டைப் பார்த்தாள், முழங்கைவரை சேறு. “பதினாலு வருஷமா இதைத் தோய்க்கிறது நான். ராய்ஸ் கையில கொடுக்கவா தோய்ச்சேன்?” என்று என்னிடம் சொல்லிவிட்டு இர்மா பக்கம் திரும்பி, “அந்த ஓட்டை ரோட்ஸ்டரை இழும்மா” என்றாள்.

இர்மா முதலில் செடானின் பாட்டரியைக் கழற்றி, எண்ணெயையும் பெட்ரோலையும் ஒரு சொட்டு விடாமல் வடிக்கச் சொன்னாள், அந்த ஆற்று மீனைத்தான் அவள் தின்கிறாளாம். பிறகு வடத்தை வெட்டி, ரோட்ஸ்டரை உருவி எடுத்தாள், அதே வடத்தை நம் செடானின் ஜன்னல் வழியாக நுழைத்து முடுக்கிவிட்டாள். எனக்குப் படகுப் பணம் அப்படியே மிச்சம். ஒரு காசு செலவில்லாமல் அசல் இரும்பு ரோட்ஸ்டர் வாங்கியவன் நெப்ராஸ்காவில் நான் ஒருவன்தான் என்று சர்ச்சில் சொன்னேன், பின்னாலிருந்து சித்தி, “முழுக் காரைக் கொடுத்துட்டு காசு செலவில்லையாம்” என்றாள், பாதிரியார் சிரிப்பை அடக்கப் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம்தான். சேஸிஸ் துருவாக இருந்தாலும் அம்புபோல நேர். இர்மாவின் பழைய வைக்கோல் வண்டியின் அச்சும் சக்கரமும் போட்டோம். ஸ்டீயரிங் வலதுபக்கம் மட்டும் திரும்புகிறது, பிரேக் கிடையாது, உட்காரக் கவிழ்த்துப் போட்ட வாளி. எஞ்சினுக்கு எங்கே போவது? அப்போதுதான் ராய்ஸ் சொன்ன விதியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சொந்தச் சக்கரம் என்றான், தள்ளக் கூடாது என்றான், இழுக்கக் கூடாது என்றான், எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோட்ஸ்டர்க்காரனுக்கு எஞ்சின் இல்லாமல் ஒருவன் வருவான் என்று கனவிலும் தோன்றாது பார். சந்தை மைதானத்து வாசல் எங்கே இருக்கிறது? தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குக் கீழே!

சனிக்கிழமை காலை இர்மா மேடுவரை இழுத்துவந்து சங்கிலியைக் கழற்றினாள். அந்த மேடு இமயமலை உயரம் என்று நான் எழுதினால் நீ சிரிப்பாய், வாளியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சித்தி, “பாத்துப் போ” என்றாள், பிரேக்கில்லாதவனிடம் வேறு என்ன சொல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்தார்கள். முதலில் அசைந்தது, பிறகு நடந்தது, பிறகு ஓடியது, பிறகு காற்று என் கன்னத்தைக் காதுவரை இழுத்தது, தரையில்லாததால் என் காலுக்குக் கீழே ரோடு ஓடுகிறது, நான் கத்துகிறேன், பயத்தில் என்று சிலர் சொல்கிறார்கள், ஆனந்தத்தில். ராய்ஸ் விதியும் பெயர்களும் எழுதிய அட்டையோடு வாசலில் நின்றான், ஒதுங்கினான். வாசலைத் தாண்டினேன், கொலாச்சி ரொட்டி மேஜையைத் தாண்டினேன், வலதுபக்கம் மட்டும் திரும்பும் வண்டி இல்லையா, மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வைக்கோல் கட்டுகளில் போய் நின்றேன். எனக்கு ஒரு கீறல் இல்லை, பல்லில் கொஞ்சம் வைக்கோல்.

எல்லாரும் ஓடிவந்தார்கள். ராய்ஸ் நடந்துதான் வந்தான். வண்டியைச் சுற்றினான், சேற்றைச் சுரண்டினான், கதவு விளிம்பில் விரலை விட்டான். முன்பக்கம் குனிந்து பார்த்து, “ஆல்வின், எஞ்சின் எங்கடா?” என்றான். “விதியில எங்கப்பா எஞ்சின்?” என்றேன். ராய்ஸ் அட்டையை ஒரு முறை மேலிருந்து கீழே படித்தான், அவன் எழுதியதுதானே. பேனாவை எடுத்து என் பெயருக்கு நேரே சரிக் குறி போட்டான். “அசல் இரும்பு. சொந்தச் சக்கரம். யாரும் தள்ளல. கோட்டுல வைக்கோல் இருக்கு, தட்டிக்க” என்று சொல்லிவிட்டு அவனே தட்டிவிட்டான். பிறகு காதோரம், என் ஷெட்டில் எட்டு சிலிண்டர் வைத்த ஒரு பழைய வி-எட்டு எஞ்சின் தூங்குகிறது, படகுப் பணத்துக்குத் தருகிறேன், அடுத்த வருஷம் விதியை மாற்றப்போகிறேன், ஜாக்கிரதை என்றான்.

ஆக மகளே, எஞ்சின் வந்துவிட்டது, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் டிசம்பருக்குள் சரியாகிவிடும், தரைதான் இல்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு வரும்போது உன் வெல்டிங் முகமூடியை மறக்காமல் எடுத்துவா, போர்க்கப்பலை ஒட்டும் பெண்ணுக்கு நம் தரை எம்மாத்திரம். அதுவரை பலகை போட்டு ஓட்டுவோம். வேளைக்குச் சாப்பிடு, பணத்தைப் பத்திரமாக வை, கம்பளிக் குல்லாய் இரண்டு, காது மூடுகிற மாதிரி வாங்கிக்கொள், வண்டிக்குக் கூரை கிடையாது, டிசம்பர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். உன்னை அழைக்க விமான நிலையத்துக்கு யார் வருவது என்று இங்கே ஒரு வாரம் சண்டை, இரண்டு சீட்டு வண்டியில் வரும்போது இரண்டு பேர் வந்தால் உனக்கு இடம் இல்லையே. என் வண்டி, என் எஞ்சின், என் கோட்டு, நான்தான் என்றேன். பிறகு யோசித்தேன். சித்தி வருவாள். கோட்டையும் அவளே போட்டுக்கொண்டு வரட்டும், அவளுக்குக் குளிரும். நான் வீட்டு வாசலில் நிற்கிறேன், எஞ்சின் சத்தம் கேட்டதும் நீ வந்தது தெரியும்.

கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும், சித்தியின் முத்தமும் என் ஆசியும் இதோடு.

என்றும் உன்னை நினைக்கும்,
நெப்ராஸ்காவின் தலைசிறந்த ரோட்ஸ்டரின் சொந்தக்காரன்,
உன் சித்தப்பா ஆல்வின் கூபிக்