பெரட்டில் இல்லாத பதினோரு பெயர்கள்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அதாவது நேற்று, உன் கணவர் ஒரு பழுப்பு உறையோடு என் வீட்டுக்கு வந்தார். "உங்க பேரு எழுதியிருந்துச்சு டீச்சர். நான் பிரிக்கல," என்று கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த நான்கு தாள்கள். மடிப்பு தேய்ந்து கிழியும் நிலையில் இருந்தன. கையெழுத்து என்னுடையது. இதை என்றோ நீ குப்பையில் போட்டிருப்பாய் என்றுதான் நம்பினேன். நம்பினேன் என்ன, சாமியிடம் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள் நாம். நான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகள். நீ ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர்களின் மகள். நான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் டீச்சராகி அங்கேயே நின்றுவிட்டேன். நீ பொருளாதாரம் படித்து, கோலாலம்பூர் போய், பிறகு புத்ராஜெயா போய், அரசாங்கத்தின் மூத்த பொருளாதார ஆலோசகராக உயர்ந்தாய். தொலைக்காட்சியில் அமைச்சர் பேசுவார். நீ பின்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாய். "பேசுறது அவரு, எழுதிக் குடுக்கிறது நானு. தப்பாப் போனா மட்டும் எழுதினது யாருன்னு தேடுவாங்க," என்று சிரிப்பாய்.

நம் தோட்டத்தை ஆலைகளுக்குக் கொடுப்பது என்று முடிவானபோது, அந்தக் கோப்பு உன் மேசைக்குத்தான் வந்தது. உன்னால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால், குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு கொடுத்த பிறகுதான் நிலம் கைமாற வேண்டும் என்று ஒரு வரியை அதில் சேர்க்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். மேலதிகாரிகள் அந்த வரியை அடித்தார்கள், திரும்ப எழுதினாய். மறுபடி அடித்தார்கள், மறுபடி எழுதினாய். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அன்றே எனக்குப் போன் செய்தாய்.

"கம்பெனி குடுக்கிற லிஸ்ட்ட நான் நம்பலடி. நீ லயத்துக்குப் போயி வீடு வீடா கேட்டு எழுதிக் குடு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்லா."

தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த அந்த லயத்துக்கு நான் போகவில்லை. அந்த வாரம் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை, விடாத மழை. உண்மையைச் சொன்னால், சோம்பல். தோட்டத்து ஆபீசில் போய் உட்கார்ந்து பெரட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டேன். விடியற்காலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு நமக்குத் தெரியாததா? அப்பா கையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அதில் பெயர் இருப்பவர்கள்தான் தோட்டத்து ஆட்கள் என்று கிராணி வீட்டுப் புத்தி எனக்குச் சொன்னது. வேலையிலிருந்து நின்ற வயசாளிகளையும், செண்டாயான் பக்கம் ஆலை வேலைக்குப் போய்க்கொண்டு லயத்திலேயே குடியிருந்தவர்களையும் பெரட்டில் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீ நம்பாத கம்பெனி லிஸ்ட்டையே என் கையால் எழுதி உன்னிடம் கொடுத்தேன்.

"எல்லார் பேரும் இருக்காடி?" என்று கேட்டாய்.

"இருக்குலா, அனுப்பு," என்றேன்.

உன் குறிப்போடு அந்தப் பட்டியலும் தட்டச்சாகிப் போனது; நான் எழுதிய நான்கு தாள்கள் உன்னிடமே தங்கின. அதில் இருந்தவர்களுக்கு வீடு வந்தது. பதினோரு குடும்பங்கள் விடுபட்டன. சாவி கொடுத்த நாளில் மாரியாயி அக்கா புதுச்சேலை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். ஆயுசு முழுக்க அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கடைசிவரை அவர் பெயரைக் கூப்பிடவில்லை. லயத்தை இடித்த பிறகு, தெமியாங்கில் மகள் லெட்சுமியின் வாடகை அறையில் ஒரு மூலையில் கிடந்தார். அடுத்த தீபாவளியை அவர் பார்க்கவில்லை.

நான் செய்தது தெரிந்ததும் நீ திருத்தம் எழுதினாய். முடிந்த கோப்பைத் திறக்க மாட்டோம் என்றார்கள். விடாமல் எழுதியதற்கு உன்னை ஏதோ ஒரு பயிற்சிக் கூடத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு எந்த அமைச்சருக்குப் பின்னாலும் உன்னைப் பார்க்கவில்லை.

நம் சனங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? கோயில் திருவிழாவில் உன் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்: "பெரிய உத்தியோகம் வந்ததும் எங்கள அழிச்சிட்டல்ல?" நீ அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் பக்கத்திலேயே நின்றேன். காரில் ஏறும்போது, "நான் சொல்லிடறேன்டி," என்றேன்.

"நீ நாளைக்கும் இதுங்க புள்ளைங்க முன்னால நின்னு பாடம் நடத்தணும். நான் கார் ஏறிப் போயிடுவேன். விடு," என்றாய்.

நானும் விட்டேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

சிரம்பானில் உன் சாவு வீட்டுக்குத் தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர்தான் வந்தார்கள். லெட்சுமி வந்தாள், பூப்போடவில்லை. "எங்கம்மா போனப்ப இது எட்டிப் பாத்துச்சா?" என்று உன் தலைமாட்டில் நின்று கேட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் போல ஒரு கோழையை உனக்குத் தோழியாக யார் எழுதி வைத்தார்களோ.

கடைசித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நீ பதினோரு பெயர்களை எழுதி வைத்திருக்கிறாய். முதல் பெயர் மாரியாயி. எனக்கென்று ஒரு வரி இல்லை. திட்டி எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்று காலை தெமியாங்குக்குப் போனேன். லெட்சுமி என்னிடம் படித்தவள். தாளைப் பார்த்ததுமே, "இது டீச்சர் எழுத்தாச்சே," என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசித் தாளைத் திருப்பி, அம்மா பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"சாவு வீட்டுல நான் கேட்டப்ப நீங்க அங்கதான நின்னீங்க?"

"ஆமாம்."

தாள்களைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் வைத்தாள்.

"இத்தன வருசம் அவங்க வச்சிருந்தாங்க. இனிமே நீங்க வச்சிக்கங்க டீச்சர்."

வைத்திருக்கிறேன்.