ஒருத்திக்கு மட்டும் துவையல்

சேலம் கோட்டை,
1937 மார்ச்சு.

அன்பு மகன் அப்துல் சலாமுக்கு அத்தா ஜான் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ரங்கூன் வரைக்கும் பொய்யை ஏற்றி அனுப்ப எனக்குத் தெம்பில்லை. உன் அம்மாவுக்கு நோன்புப் பெருநாள் கழிந்ததிலிருந்து வயிற்றில் எதுவும் தங்கவில்லை. உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

நெய் வாசம் பட்டாலே அவளுக்குக் குமட்டுகிறது. நானோ கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிறவன். சங்ககிரிக் கல்யாணத்துக்கு ஆக்கிவிட்டு வந்த அன்று, குளித்து வேட்டி மாற்றிய பிறகும், "தள்ளிப் படுங்க, உங்க மேலே நெய் நாறுது" என்றாள். அன்றோடு கரண்டியை வைத்துவிட்டேன்.

அஸ்தம்பட்டி டாக்டர் பெப்பர்மின்ட் மிட்டாய் மணக்கும் மருந்து ஒன்று கொடுத்தார். குடித்தால் கொஞ்ச நேரம் குமட்டல் நிற்கிறது. சரி, உடம்பு கேட்பது புதினாதானே என்று நானே அடுப்பைப் பற்றவைத்தேன். காலையில் இலையோடு இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். மத்தியானம் புதினாவை லேசாக வதக்கி, புளி, உப்பு, தேங்காய், பேருக்கு ஒரு மிளகாய் வைத்து அரைத்த துவையல், குழைந்த சோற்றோடு.

ஆனால் என் கை இருக்கிறதே, ஊருக்கே ஆக்கிப் பழகிய பாழாய்ப்போன கை! எவ்வளவு சுருக்கினாலும் சட்டி நிறைந்துவிடுகிறது. எதிர்வீட்டு ரோஷன் பீவி, "ஏனுங்கண்ணே, யாருக்குக் கந்தூரி விருந்து?" என்று கேட்டாள். அதைக் கேட்டு உன் அம்மா சிரித்தாள். மிச்சத்தைத் தெருவே தின்கிறது.

நேற்றுத்தான் ஒரு வழியாக நெல்லிக்காய் அளவு துவையல் அரைத்தேன். அப்பாடா, கைக்குப் படிந்துவிட்டது என்று கொண்டுபோனேன். அதையும் அவளால் தின்ன முடியவில்லை. நாக்கில் தடவிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க, போதும்" என்றாள். சமையற்கட்டுக்குள் போய் அழுதேனடா.

டாக்டர் இப்போது மருந்து எழுதுவதில்லை. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்கிறார். உன்னை வரச்சொல்லட்டுமா என்று அவளைக் கேட்டால், "புள்ளை பொழைக்கப் போன எடம், வேணாங்க" என்கிறாள். ஆனால் வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். கிடைக்கிற கப்பலில் ஏறிவிடு, மகனே. நான் எழுதித்தான் வந்தாய் என்று அவளிடம் சொல்லாதே. கூப்பிடவும் வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்று, போதும்.

இப்படிக்கு,
உன் அத்தா
ஜான் பாஷா