சிலிண்டர் மட்டும் லேத்துக்கு

என்னங்க,

நம் படகு எஞ்சின் அசைந்துவிட்டது! எண்ணெயில் ஊறவைத்ததில், இறுகிக் கிடந்த பிஸ்டன் காலையில் இளகிவிட்டது. ராத்திரி வேலை முடிந்து அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை.

மெக்கானிக் தம்பி வந்து முழுக்கப் பிரித்துப் பார்த்தார். "அக்கா, கிராங்க் தண்டு தேய்மானமே இல்லாம கண்ணாடி மாதிரி இருக்கு! சிலிண்டரை மட்டும் லேத்துப் பட்டறையில கடைஞ்சா போதும். மத்ததை இங்கேயே மாட்டிடலாம்" என்றார்.

பெரிய பட்டறைக்கே எல்லாவற்றையும் அனுப்பணும் என்று நீங்கள், வீட்டிலேயே செய்யணும் என்று நான். அந்தச் சண்டையில்தான் நேற்று கோபித்துக்கொண்டு வேலைக்குப் போனீர்கள். இப்போது நாம் இருவரும் சொன்னது பாதிப் பாதி நடக்கப்போகிறது. சிலிண்டரோடு நான் லேத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது.

கொல்லையில் பெரிய பாத்திரத்தில் மண்ணெண்ணெயில் ஊறுவது பிஸ்டன். பாத்திரம் போச்சே என்று கத்தாதீர்கள், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

பி.கு.: தம்பி சாயங்காலம் திரும்ப வருவார். எஞ்சின் இருக்கும் கொட்டகைச் சாவி ஜன்னலில்.

இன்னொன்று: "நாமளே மாட்ட ஆரம்பிச்சிடலாமா அக்கா?" என்று கேட்டார். "அவர் கை படாம ஒரு நட்டுகூட ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். கோபம் மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிடுங்கள்.