பதினோராம் அத்தியாயத்துத் தாய்

3 ஜூலை 2025, நாச்சாரம்

மகள் ஆக்னஸ் எழுதிய புத்தகம் கூரியரில் வந்தது. நாற்பத்தொரு வயதில், கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு காதல் நாவல், ஆங்கிலத்தில். அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவளுக்கு இது எதற்கு? உள்ளே ஒரு சீட்டு. படித்துவிட்டு நிறை, குறை இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டுமாம். 26ஆம் தேதி வெளியீடு என்றும் இருந்தது. வா என்று இல்லை.

6 ஜூலை

அறுபது பக்கம் ஆயிற்று. உப்பல் மெட்ரோவில் ஒன்பதாம் பக்கம் கதாநாயகன் குடை கொடுக்கிறான், பன்னிரண்டாம் பக்கம் காதல். நான் புடவை எடுக்கவே அதைவிட நேரமாகும். பையனுக்குக் குறையே கிடையாது, பல்வலிகூட வராது. தேவைப்படும்போதெல்லாம் மழை.

ஆனால் தாரா என்ற அந்தப் பெண் அவன் எதிரில் வெட்கப்படாமல் வயிறு நிறையச் சாப்பிடுகிறாள். அது நன்றாக இருக்கிறது.

8 ஜூலை

கீழ்வீட்டு மைதிலி நேற்று என் புத்தகத்தை வாங்கிப்போய் ஒரே மூச்சில் படித்துவிட்டாளாம். "அந்த அம்மா வர்ற எடத்துல அழுதுட்டேன் ஆன்ட்டி."

"எந்த அம்மா?"

"பதினோராவது சாப்டர். இன்னும் வரலையா? வரும், வரும்."

11 ஜூலை

வந்தது. தாரா ஒரு பையனை விரும்புவதைத் தாய்க்கு நாலு பக்கம் எழுதி, அவள் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைக்கிறாள். தாய் சிவப்புப் பென்சிலால் பிழை திருத்தி, பத்துக்கு ஐந்து போட்டு, பெண்ணின் தலையணையில் வைத்துவிடுகிறாள். அதற்குமேல் ஒரு பேச்சு இல்லை.

அழவைக்கவென்றே செய்த தாய். நடை மட்டும் இங்கே நன்றாக இருக்கிறது. ஒரு சொல் அதிகமில்லை.

13 ஜூலை, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து ஆக்னஸுக்குப் போன் செய்தேன். தாளைப் பார்த்து வாசித்தேன். அவசரக் காதல், மழை, பழுதில்லாத பையன், கேட்பதற்கென்றே ஒரு தோழி. "ஹவ் மம்மி, ஹவ்" என்று இந்த ஊர் உருதுவில் ஆமாம் போட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பெரிய குறை அந்தப் பதினோராம் அத்தியாயத்து அம்மா. நம்பும்படியா இல்ல."

சிரிப்பு நின்றது. "நம்பும்படியா இல்லையா?"

"பெத்தவ எவளும் அப்படிச் செய்யமாட்டா, ஆக்னஸ்."

"சரி மம்மி." பிறகு, "இருபத்தாறாம் தேதி நீ வர வேணாம், நக்கோ. ட்ராஃபிக்ல கஷ்டப்படாத."

வைத்துவிட்டாள்.

14 ஜூலை

கேட்டாள், சொன்னேன். மறைக்காமல் சொல் என்றவள் அவள்தானே?

16 ஜூலை

பத்துக்கு ஐந்து. பத்துக்கு ஐந்து. காலையிலிருந்து அந்த எண் விடவில்லை.

நான் படித்த கான்வென்டில் கட்டுரைகள் அப்படித்தான் திரும்பி வரும். சிவப்புப் பென்சில், கீழே மதிப்பெண், ஒரு வரிக் குறிப்பு. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இவர் இருந்தபோது ரயில்வே ஒர்க்ஷாப்புக்கு எழுதும் லீவ் லெட்டரைக்கூடத் திருத்திக் கொடுப்பேன். "எலிசபெத் பாஸ் பண்ணாத்தான் எனக்கு லீவு" என்பார்.

பீரோவிலிருந்து, இவர் காகிதமெல்லாம் செருகிவைக்கும் வேதாகமத்தை எடுத்தேன். தேவசகாயம் என்று பெயர் எழுதிய பக்கத்துக்குப் பின்னால், நாலாக மடித்த தாள்கள்.

ஆக்னஸின் பதினேழு வயதுக் கையெழுத்து. பக்கத்து குவார்ட்டர்ஸ் கிரியைப் பற்றி. என் சிவப்புப் பென்சில். என் ஐந்து.

கடைசி வரி: மம்மி, திட்டினாலும் பரவாயில்லை, என்னோடு பேசு. அதற்குப் பக்கத்தில் என் கையெழுத்தில்: முடிவு அவசரம்.

அய்யோ, எப்படி மறந்தேன்? கத்தாம, அடிக்காம கண்ணியமா நடந்துக்கிட்டோம்னு நெனச்சிருப்பேன். ஆமா, அப்படித்தான் நெனச்சேன். இவர் எடுத்து வச்சிருக்கார் — எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போய்ட்டாரே.

17 ஜூலை

கிரி மறு வருடம் துபாய் போனான். அவளுக்கு இன்றுவரை கல்யாணம் இல்லை. எப்போது எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல மம்மி" என்பாள். அடக்கமான பெண் என்று சர்ச்சில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

20 ஜூலை

பதில் எழுதினேன், இருபத்துநாலு வருடத்துக் கடிதத்துக்கு. ஆங்கிலத்தில்தான், அவள் எழுதிய மொழியில். கிரியைப் பற்றிச் சொல் என்று தொடங்கினேன். அந்தத் தாயைக் குறை என்றது தவறு, அவள் இருந்தாள், இன்னும் நாச்சாரத்தில் இருக்கிறாள் என்று எழுதினேன். எங்கும் அடித்தல்கள். நல்ல தாளில் மறுபடி எழுத உட்கார்ந்தேன். அடித்தல் இல்லாமல் எழுதினால் கான்வென்ட்காரி எழுதியதாகிவிடும். அப்படியே உறையில் போட்டு மைதிலியிடம் கூரியருக்குக் கொடுத்தேன்.

23 ஜூலை

ஒன்றும் இல்லை.

25 ஜூலை

என் கடிதம் திரும்பி வந்தது. கூரியர்காரர் எதிரிலேயே பிரித்தேன்.

சிவப்பு மையில் மூன்று வட்டம். கீழே: பத்துக்கு ஏழு. முடிவு நன்று. 26ஆம் தேதி நாலு மணிக்கு வண்டி அனுப்புகிறேன், தயாராக இரு.

மூன்று வட்டங்களில் ஒன்று அவள் தவறு. அந்த இடத்தில் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

சொல்லப்போவதில்லை.