தையல்காரம்மாவின் முன்பணம்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மாற்றலாகிப் போன இடத்தில் வேலை பழகிவிட்டதா? குழந்தைக்கு இருமல் நின்றதா?

இன்று காலை கண் விழித்ததும் முகம்கூடக் கழுவாமல் ஆபீஸ் மடிக்கணினியைத் திறந்தேன். நேற்று பார்த்த சிவப்பு வரி அப்படியே இருந்தது. நான் ஏதோ தப்பாகத் தட்டியிருப்பேன் என்று ஒரு நப்பாசை. அதுவும் போயிற்று.

அண்ணன் ஃபோனில் சொல்லியிருப்பார். பதினாறு வருஷமாக நான் நோட்டில் எழுதிவந்த அவருடைய வக்கீல் ஆபீஸ் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொல்லி ஆடிட்டர் கெடு வைத்துவிட்டார். இரண்டு சாஃப்ட்வேர்களைச் சோதனைக்கு வாங்கினோம். ஒன்று கடைகளுக்கானது, மலிவு. விற்க வந்தவர், "எதை வேணும்னாலும் அழிச்சுக்கலாம் மேடம், தடமே இருக்காது" என்று பெருமையாகச் சொன்னார். மற்றது வக்கீல்களுக்கென்றே செய்தது, மூன்று மடங்கு விலை. ஒரு கட்சிக்காரரின் பணத்தை இன்னொருவருக்காகச் செலவழித்தால் சிவப்பில் கத்துகிறது. எழுதியதை அழிக்க விடாது. திருத்தினால் யார், எப்போது என்று குறித்துக்கொள்கிறது. "இது சாஃப்ட்வேரா, மாமியாரா?" என்றார் அண்ணன். உங்கள் மாமியார் வயிற்றில் பிறந்த நானும் சேர்ந்து சிரித்தேன்.

நம் ஆபீஸ் பழக்கம் உங்களுக்குத் தெரியும். நாலு மணிக்குள் ஒருவருக்கு நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், அவர் பணம் வந்து சேரவில்லை என்றால், இருக்கிற இன்னொருவர் பணத்திலிருந்து கட்டிவிடுவேன். வந்ததும் திருப்பி வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்குவது போலத்தான் நினைத்திருந்தேன். எது யாருடையது என்பது என் தலைக்குள் இருந்தது. "என் தங்கச்சி தலைதான் லெட்ஜர்" என்று அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கும் அது கேட்கப் பிடிக்கும்.

சோதித்துப் பார்க்க, நேற்று மூன்று வருஷக் கணக்கை வக்கீல் சாஃப்ட்வேரில் ஏற்றினேன். தையல்காரம்மாவின் பெயரில் சிவப்பு வரி காட்டி நின்றது. கடையைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்ததே, அவர்தான். அவர் கட்டிய முன்பணத்தில் பாதியை ஒரு லாரிக்காரரின் வழக்குக்காக எடுத்திருக்கிறேன். லாரிக்காரர் பணம் கொடுத்தபோது அதை அண்ணனுடைய ஃபீஸாக வரவு வைத்திருக்கிறேன். திருப்பி வைக்கவே இல்லை.

பிறகு அப்பீல் போட வந்த அந்த அம்மாவிடம் நோட்டைக் காட்டி, "பணம் பத்தாதும்மா, இன்னும் கொண்டு வாங்க" என்றவளும் நான்தான். ஒரு வாரத்தில் கொண்டு வந்தார். இருந்த இரண்டு தையல் மெஷின்களில் ஒன்றை விற்றுவிட்டாராம். "இருக்கிறது ரெண்டு காலு, அதுக்கு ஒரு மெஷின் போதாதா" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ரசீது எழுதினேன்.

காலையிலேயே அண்ணனிடம் சிவப்பு வரியைக் காட்டினேன். வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "விடும்மா, மலிவானதையே எடுத்துக்குவோம். இன்னைக்குத் தேதியிலேர்ந்து புதுக் கணக்கு. நீ என்ன தெரிஞ்சா பண்ணினே? வெளிய போச்சுன்னா போர்டைக் கழட்ட வேண்டியதுதான்" என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை. மெஷினை விற்ற விஷயம் அவருக்குத் தெரியாது.

மத்தியானம், அவரிடம் சொல்லிவிட்டே, வக்கீல் சாஃப்ட்வேருக்கு என் கைப்பணத்தைக் கட்டிவிட்டேன். பழைய கணக்கு ஒரு வரி குறையாமல் அதில்தான் இருக்கும் என்றும் சொன்னேன். அவர் கோர்ட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது. வரும் திங்கட்கிழமை காலை தையல்காரம்மாவின் கடைக்குப் போகிறேன். எடுத்த தொகை, ஒரு மெஷினின் விலை, நடந்ததை எழுதி நான் கையெழுத்திட்ட தாள், மூன்றையும் கொடுக்கப் போகிறேன். அந்தத் தாளை அவர் எங்கே கொண்டுபோனாலும் தடுக்க மாட்டேன். போர்டில் இருப்பது அண்ணன் பெயர், உங்கள் வீட்டுச் சோறும் அதில்தான் என்பது எனக்குத் தெரியாமலில்லை.

இதைப் படித்ததும் என்னைக் கூப்பிடாதீர்கள் அண்ணி. உங்கள் குரல் கேட்டால் தயங்கிவிடுவேன். திங்கட்கிழமை மத்தியானம் அண்ணனைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டாரா என்று மட்டும் கேளுங்கள்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்
நாத்தனார்